சொல்லிக்கொண்டு போகாதவர்

தெய்வசிகாமணியை முதலாளி எனக்கு அறிமுகப்படுத்திய அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதுபோல் நடித்தேன். "கவிநிலா, இவருதான் நம்ம பாடிகார்டு" என்றார் முதலாளி விஜயராகவன், புதுக் கார் வாங்கியவர் சாவியைக் காட்டுவதுபோல. கறுப்புக் கண்ணாடி, காதில் ஒயர், கதவை அடைக்கும் உடம்பு என்று நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். வந்திருந்தவரோ தலைக்குச் சாயம் பூசி, அரைக்கைச் சட்டையும் தோல் செருப்புமாக, ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு மனிதர். அறுபதை நெருங்கும் வயது. "இவர் நம்மைக் காப்பாத்தணுமா, இல்ல நாம இவரைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று அன்று மாலை அம்மாவிடம் கேலி பேசினேன்.

எங்கள் கம்பெனி சேதராப்பட்டில் இருக்கிறது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் செய்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டில், பாட்டில் தண்ணீர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் இயந்திரம் போயிருந்தது. அதன் பாகங்களைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். பூட்டுவது என் வேலை. கைகுலுக்குவது முதலாளி வேலை. எந்த நாடு, எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்பது தெய்வசிகாமணி போட்ட நிபந்தனை, ஆகையால் இன்றைக்கும் நான் சொல்லப் போவதில்லை. அங்கே வெளிநாட்டுக்காரர்களைக் கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்பது ஒரு தொழிலாகவே நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். கூடவே ஒரு பாதுகாவலர் போனால்தான் ஆச்சு என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். தெய்வசிகாமணி அப்படி ஒரு சொல்தா. அப்பா முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் பாதி நாடுகளுக்கு மேல் அவர் கால் பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, ஆபத்தான ஊர்களுக்குப் போகும் வியாபாரிகளுக்கும் இன்ஜினீயர்களுக்கும் துணையாகப் போய்வருவதே தொழிலாகிவிட்டது. துப்பாக்கி உண்டா என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். "அத எடுக்க வேண்டி வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி நான் பத்து தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம் சார்" என்றார் தெய்வசிகாமணி. முதலாளி முகம் வாடிப்போனது.

புறப்படுவதற்குமுன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்ல எங்களை முதலியார்பேட்டை வீட்டுக்கு அழைத்திருந்தார். சந்துக்குள் சின்ன மாடி வீடு. ஸ்கூட்டரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார், ஏறின உடனே கிளம்பலாம் என்பதற்காக. சொந்த வீட்டிலும் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அவர் மனைவி அன்னக்கிளி டீயோடு வந்து, எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு பழைய வழக்கை அவிழ்த்துவிட்டார்.

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் ஒரு தடவகூட 'போயிட்டு வரேன்'னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனதில்ல. டீ போட்டு எடுத்துக்கினு வந்தா ஆளு இருக்க மாட்டாரு. செருப்பு இல்லன்னா ஆப்பிரிக்கா போயிட்டாருன்னு நானே தெரிஞ்சிக்கணும். இன்னா மனுஷன்யா இவரு, நீங்களே கேளுங்க."

"வருவேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. தெரியாம வரேன்னு சொன்னா அது பொய்தான?" என்றார் தெய்வசிகாமணி டீயை ஊதிக்கொண்டே.

முதலாளி பதறிவிட்டார். "அண்ணே, அது ஒரு மரியாதை! சொல்லிக்காம போறது சாவு வீட்டுலதான்."

விஜயராகவன் அப்படிப்பட்டவர். எங்கள் ஊரில் யாருமே சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதில்லைதான். இவருக்கு அது ஒரு வியாதி. ஒரு கல்யாண வீட்டை விட்டுப் புறப்பட்டால் பந்தியில் இலை எடுப்பவர் வரை ஒருவர் விடாமல் "வரட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவார். கம்பெனியில் அவர் மாலை கிளம்ப ஆரம்பித்தால் நாங்கள் அடுத்த வேலையைத் தொடங்கி முடித்துவிடலாம். அந்த மனிதரைப் பார்த்துத் தெய்வசிகாமணி அன்று சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான்: "அங்க நீங்க யாரோட வேணா பேசுங்க, சிரிங்க, சாப்புடுங்க. நாம எப்ப வருவோம், எப்ப போவோம்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க." முதலாளி பலமாகத் தலையாட்டினார்.

தெய்வசிகாமணி எங்களுக்கு முன்னால் தனியாகப் போய்விட்டார். நாங்கள் போய் இறங்கியபோது விமான நிலைய வாசலில், காய்கறி வாங்க வந்தவர்போல நின்றிருந்தார். கூடவே மூசா என்று ஒரு டிரைவர். ராணுவக் காலத்திலிருந்து பழக்கமாம். ஹோட்டலில் எங்கள் அறைகள் தெருப்பக்கம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். தொழிற்சாலைக்கு மூன்று வழிகள். மூன்றிலும் நடந்தே போய்ப் பார்த்திருந்தார். எந்த மூலையில் யார் என்ன விற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி விற்கும் பெண், அவள் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன், வறுத்த மீன் விற்கும் கிழவி. எல்லோரும் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் விடியற்காலையிலேயே கிளம்பச் சொல்வார், மறுநாள் வெயில் ஏறும்வரை உட்கார வைப்பார். என் சிவப்புத் துப்பட்டாவைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டார். ஆனால் போகப்போக எனக்குள் வேறொன்று நடந்தது. அவர் வேலை செய்வது கண்ணுக்கே தெரியவில்லை. கதவு நமக்கு முன்னால் திறந்திருக்கிறது, வண்டி நின்ற இடத்தில் நிழல் இருக்கிறது, கூட்டம் தானாக விலகுகிறது. எதுவுமே நடக்காமல் ஒவ்வொரு நாளும் முடிகிறது. அப்படி எதுவுமே நடக்காமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு மனிதர் தூங்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று உறைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அன்றிலிருந்து கேலியை நிறுத்திக்கொண்டேன்.

முதலாளியின் வியாதி மட்டும் அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு அவருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாலையில் கேட்டுக்காரர், சமையல் செய்யும் பெண், மேனேஜர் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்புவார். தெய்வசிகாமணி பக்கத்திலேயே நின்று, 'நாளைக்கு' என்ற வார்த்தை வரும்போதெல்லாம் அவர் தோளைத் தொட்டு வண்டிக்குக் கூட்டிப்போவார். கடைசி நாளன்று இயந்திரத்தில் ஒரு வால்வு ஒழுகியது. அதைப் பார்க்க நான் தெய்வசிகாமணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் முதலாளி வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி இங்க வந்து உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன். ஊர்லேர்ந்து கொண்டாந்த ஸ்வீட்டு இருக்கு" என்று பிரெஞ்சும் கைச்சாடையுமாகச் சொல்லி முடித்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தெய்வசிகாமணி முதலாளியின் தோளைத் தொட்டு வண்டிக்குக் கூட்டிப்போனார். வண்டியில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் காலை நாங்கள் பெட்டிகளோடு ஹோட்டலின் பின்முற்றத்துக்கு இறங்கி வந்தோம். அதற்குள் அவர் தொழிற்சாலை வழியில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முற்றத்தில் நாங்கள் தினமும் போகும் வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் ரொட்டி ஏற்றும் ஒரு பழைய வேன்.

"பெட்ரோல் விக்கிற பொண்ணு இன்னிக்கி கடை போடல" என்றார். "பஞ்சர்க்காரன் இல்ல. மீன்காரக் கிழவியும் இல்ல."

"லீவா இருக்கும்ணே" என்றார் முதலாளி.

"ஏதாவது நடக்கப் போவுதுன்னா அந்த ஜனங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் சார். நம்மகிட்ட வந்து சொல்ல முடியாது, அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. கடையை எடுத்து வெச்சிடுவாங்க, அவ்ளோதான். ஃபேக்டரி ரோட்டுப் பாலத்துக்கு அந்தாண்ட ரெண்டு வண்டி நிக்கிது. நீங்க வரேன்னு சொன்ன நேரத்துக்குத்தான் நிக்கிது."

முதலாளி முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "என் வாயாலதானா?" என்றார்.

"போலீசுக்குச் சொல்லலாமே சார்" என்றேன் நான்.

"சொல்லிட்டேன்ம்மா. அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள ஃப்ளைட்டு போயிடும். இங்கயே இருந்துட்டா, ரோட்டுல நிக்கிறவன் நாளைக்கு வாசலுக்கு வருவான்." பிறகு, இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்ளலாம் என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நாங்கள் இருவரும் மூசாவோடு ரொட்டி வேனில் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். வெள்ளைக் கார் சொன்ன நேரத்துக்குத் தொழிற்சாலை வழியில் போக வேண்டும். "அது வெளிய வரலன்னா அவங்க ஏர்போர்ட் ரோட்டுக்குத் திரும்பிடுவாங்க. அவங்க கண்ணு இந்தப் பக்கமே இருக்கணும்."

"காரை யாரு ஓட்டுறது?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் முதலாளியின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"உங்க பேர சொல்லி நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன் சார். ஸ்வீட்டு டப்பாவ குடுங்க."

முதலாளி எழுந்திருக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல அடம்பிடித்தார். "நான் பண்ணின தப்புக்கு நீங்க போவீங்களா? நான் ஏற மாட்டேண்ணே. நீங்க திரும்பி வருவேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் ஏறுவேன்."

மூசா வேனை உறுமவிட்டான். தெய்வசிகாமணி தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில் முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்.

"போயிட்டு வரேன் சார்."

அதற்குப் பிறகு முதலாளி மறுக்கவில்லை. ரொட்டி வாசனைக்குள் நாங்கள் குனிந்து உட்கார்ந்தோம். வேன் கதவு மூடும்போது அந்த வெள்ளைக் கார் முன்வாசல் வழியாக, அவசரமே இல்லாமல், எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல வெளியே போனதைப் பார்த்தேன். ஆபத்து என்று தெரிந்தே ஒரு மனிதர் இப்படிப் போவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது.

எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. விமானம் ஏறினோம். ஏறுவதற்குமுன் கூப்பிட்டபோது அவர் போன் எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அந்த ஊருக்கே போன் கிடைக்கவில்லை. அங்கே கொஞ்சம் கலவரம் என்றாலும் முதலில் நிறுத்துவது போனைத்தானாம். வழி முழுக்க முதலாளி ஒரு வாய் சாப்பிடவில்லை. சென்னையில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தோம். காலாப்பட்டில் எங்கள் வீடு. கார் அதைத் தாண்டிப் போனது. நான் இறங்கவில்லை, அவரும் இறங்கச் சொல்லவில்லை. நேராக முதலியார்பேட்டை.

மத்தியானம். அன்னக்கிளி வாசலில் கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் பார்த்தார். டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நான்தான் நடந்ததைச் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. தொப்பியைப் பற்றிச் சொல்லும்போது உடைந்துவிட்டேன்.

"என்னாலதாம்மா" என்றார் முதலாளி. "நான்தான் அண்ணனை அனுப்பிட்டேன். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா."

அன்னக்கிளி நிமிர்ந்தார். "சொன்னாரா? அவர் வாயால சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப வந்துடுவாரு" என்றார். "தெரியாம சொல்ற ஆளு இல்ல அவரு. நிச்சயம் இல்லன்னா வாயத் தொறக்க மாட்டாரு. உள்ள வாங்க, கைகால் கழுவுங்க. வஞ்சிரம் வறுத்து வெச்சிருக்கேன்."

வேண்டாம் என்ற எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டார். முதலாளி முதல் கவளத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாள் முகத்தையே பார்த்தார். அதில் ஒரு கலக்கமும் இல்லை. "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லாதவரு உங்ககிட்ட சொல்லியிருக்காரு பாருங்க. வரட்டும், வெச்சிக்கறேன்" என்று குழம்பு ஊற்றினார். முதலாளி அப்போதுதான் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த உறுதியை நம்பித்தான் நானும் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

போன் வரவில்லை. நாலைந்து நாள் கழித்து ஆளே வந்து நின்றார், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில். நானும் முதலாளியும் ஓடினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காரை மறித்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் முதலாளி இல்லை. தொப்பி போட்ட ஒரு வயதான ஆள், மடியில் ஸ்வீட் டப்பாக்கள். தான் ஹோட்டல் சமையல்காரன், முதலாளி பலகாரம் கொடுத்தனுப்பினார், தொப்பி அவர் போட்டுக் கழித்தது என்றாராம். அறைந்திருக்கிறார்கள். கன்னத்தில் இன்னும் வீக்கம் இருந்தது. காரையும் போனையும் பிடுங்கிக்கொண்டு ஒரு டப்பாவைப் பிரித்துத் தின்றிருக்கிறார்கள். "மைசூர் பாக்கு நல்லாயிருக்குன்னு சொன்னானுங்க" என்றார் எங்களிடம். மிச்ச டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கு நடந்தே போயிருக்கிறார். கேட்டுக்காரர், சமையல் செய்யும் பெண், மேனேஜர் என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் விஜயராகவன் சொல்லிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள்தான் போலீஸ் வரும்வரை அவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள்.

முதலாளி அவர் காலில் விழப் போனார். அவர் பிடித்து நிறுத்திவிட்டார். பிறகு முதலாளி அன்னக்கிளியோடு பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற அவரிடம் நான் மெல்லக் கேட்டேன். "நிச்சயமா வருவோம்னு எப்படி சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எங்க தெரிஞ்சுதும்மா? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வண்டியில ஏறணுமில்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிடாத. பொய் சொன்னேன்னு காலம்பூரா குத்திக் காட்டுவா" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அன்னக்கிளி அடுப்படியில் தனியாக இருந்தார். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அன்னைக்கு எப்படிக்கா அவ்வளவு நிச்சயமா இருந்தீங்க, வந்துடுவாருன்னு?" என்று கேட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க நிச்சயம்? அந்த வார்த்தையக் கேட்டதுமே எனக்குப் பயம் வந்துடுச்சு. தெரிஞ்சு சொல்ற ஆளா இருந்தா ஒரு தடவயாவது எங்கிட்ட சொல்லியிருப்பாரில்ல? அப்ப இது இன்னாத்துக்கோ சொன்னதுன்னு புரிஞ்சிபோச்சு. ஆனா உங்க முதலாளி செத்த பொணமாட்டம் நின்னாரு. அவருக்குச் சோறு எறங்கணுமில்ல?"

இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். நடுவில் எங்கள் முதலாளியை ஒருவர் விமானத்தில் ஏற்றியிருக்கிறார், இன்னொருவர் சோறு சாப்பிட வைத்திருக்கிறார், இரண்டு பேரும் தங்கள் பயத்தை ஒரு துளிகூடக் காட்டாமல். அந்தச் சின்ன அடுப்படியில் நின்றுகொண்டு, எவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில் நிற்கிறேன் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

"அது பொய்யின்னு எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாது" என்றார் அன்னக்கிளி. "நீயும் சொல்லிடாத."

அப்போது தெய்வசிகாமணி உள்ளே வந்து மார்க்கெட் பையை எடுத்தார். பாதுகாவலர் வேலையை அவர் விட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டும் போகவில்லை. "ஒரு தடவ சொல்லிப் பழகிட்டேன்ம்மா. இனிமே இந்த வேலைக்கு நான் ஆவ மாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஸ்கூட்டர் இன்னும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறது. வெளியே போய் அதில் உட்கார்ந்து சாவியைத் திருகப் போனவர் கையை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

"அன்னக்கிளி, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்."

"சரி சரி, கொத்தமல்லி மறந்துடாதீங்க" என்று இங்கிருந்தே கத்தினார் அன்னக்கிளி. கத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.